வெற்றுக் கட்டம் பிறந்த கதை

யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையை 1871ஆம் ஆண்டின் முதலாவது தொகைமதிப்பில் தொடங்கி ஒரு நிரலாக எழுதிக்கொண்டு வந்தால், நூறு வருடத்துக்குக் கை பெரிதாகத் தடங்காது. பத்து வருடத்துக்கு ஓர் எண் கிடைக்கும். 1931இல் பொருளாதார மந்தத்தால் செலவைச் சுருக்கித் தலைக்கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 1941இல் உலகப் போர் குறுக்கிட்டது. கணக்கெடுப்பு 1946க்குத் தள்ளிப்போனது. அதன்பின் 1953, 1963, 1971. கடைசியாக 1981 மார்ச் 17. அன்றைக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் 830,552 பேர். கிளிநொச்சி அப்போது தனி மாவட்டமாகப் பிரியவில்லை. அந்தத் தொகையில் அதுவும் அடங்கும்.

கணக்கெடுத்து இரண்டரை மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அடுத்த தொகைமதிப்பு நடந்திருக்க வேண்டிய 1991இல் நாட்டில் எங்குமே அது நடக்கவில்லை. 2001 ஜூலை 17இல் எடுத்தபோது 18 மாவட்டங்களில்தான் வேலை முழுமையாக முடிந்தது. முடியாமற்போன ஏழும் வடக்கு கிழக்கு மாவட்டங்கள்; யாழ்ப்பாணம் அவற்றில் ஒன்று. சரியாக ஒரு கிழமை கழித்துக் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்துக்கு 4 இலட்சத்து 90 ஆயிரம் அளவில் ஒரு மதிப்பீடு மட்டும் எழுதப்பட்டது. 2012 மார்ச்சில்தான், முப்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு, படலை படலையாகத் திறந்து ஆட்களை எண்ணினார்கள். 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்குச் சற்று மேல்.

ஆக அந்த நிரலில் மூன்று வகை இருக்கிறது: எண்ணிய தொகை, எண்ணாமல் மதிப்பிட்ட தொகை, ஒன்றுமே இல்லாத ஆண்டு. தாளில் எழுதுகிறவருக்கு இதில் சிக்கல் இல்லை. இல்லாத ஆண்டுக்கு ஒரு கோடு இழுப்பார். மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு அடியில் குறிப்பு எழுதுவார். இதையே கணினியில் ஏற்ற முனைந்தபோது மனிதர்கள் பட்ட பாடுதான் இங்கே சொல்லப்போகும் கதை. அது அறுபது வருடக் கதை, இன்னும் முடியவில்லை.

கணினியின் நினைவகத்தில் கோடும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எண்களின் அணி ஒன்றை உண்டாக்கினால் ஒவ்வோர் இடத்துக்கும், சாதாரணமாக, 64 பிட் ஒதுக்கப்படும். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. எப்படி அடுக்கினாலும் ஏதோ ஓர் எண் வந்துவிடும். இடத்தை வெறுமையாக விட்டுவைப்பது என்ற ஒன்று அங்கே கிடையாது. அதனால் ஆரம்ப காலத்தில் எல்லோரும் ஒரே வழியைத்தான் பிடித்தார்கள். வராது என்று நம்பும் ஓர் எண்ணைத் தேர்ந்து, அதுவே ‘இல்லை’ என்பதற்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டார்கள். துளை அட்டைக் காலத்தில் வயது தெரியாதவருக்கு 99. அளக்காத மழைக்கு −99.9. உலக நாடுகளின் நாளாந்த வானிலைப் பதிவுகளைத் திரட்டும் அமெரிக்கத் தொகுப்பு இன்றைக்கும் −9999 என்றுதான் போடுகிறது. 1968இல் வந்த எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள், எந்த எண்களை இல்லாததாகக் கொள்ள வேண்டும் என்று ஆய்வாளரே அறிவிக்க இடம் கொடுத்தது. அறிவிக்க மறந்தால் 99 வயதுக்காரர்கள் சராசரிக்குள் கூட்டமாக நுழைந்துவிடுவார்கள்.

இதன் ஆபத்தை எங்கள் மழைக் கணக்கை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்த நீரில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் வருகிறது. ஆடி மாதத்துக்கு 0 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் உண்மை. கார்த்திகைக்கு 0 என்று எழுதியிருந்தால் அது பஞ்சம். மழைமானியைப் பார்க்க ஆள் போகமுடியாமற்போன ஒரு கார்த்திகைக்கு யாரோ ஒருவர் 0 போட்டுவிட்டால், நடக்காத ஒரு வறட்சி பதிவேட்டில் குடியேறிவிடும். வேறொருவர் அந்த −99.9ஐக் கவனிக்காமல் கூட்டினால் வானத்துக்கே மழை கடன்பட்டதாகக் கணக்கு வரும். இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியும். முதலாவது தெரியாது, அதனால்தான் அது பொல்லாதது.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த பெரிய தீர்வு இதற்காகப் பிறக்கவேயில்லை.

வில்லியம் காஹான் 1933இல் ரொரன்ரோவில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பிற்காலத்தில் ஆயிரமாயிரமாகப் போய்க் குடியேறிய அதே நகரம். அங்கேயே கணிதம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய கவலை தொகைமதிப்பு அல்ல. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் கணினி என்ன செய்யவேண்டும்? எதிர் எண் ஒன்றின் வர்க்கமூலத்தைக் கேட்டால்? அந்தக் காலத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் நடந்தன. சில அப்படியே நின்றுவிடும். இரவு முழுக்க ஓடிய கணக்கு விடிகிறபோது பாதியில் கிடக்கும். சில பொருந்தாத ஓர் எண்ணைத் தந்துவிட்டு மேலே போகும். 1964இல் வந்த சி.டி.சி. 6600 கணினியில் செய்மோர் கிரே ‘நிச்சயமற்றது’ என்று ஒரு தனிப் பெறுமதியை வைத்திருந்தார். அது நல்ல முன்மாதிரி. ஆனால் ஒரு கம்பனியின் கணினியில் எழுதிய நிரல் இன்னொரு கம்பனியின் கணினியில் வேறு விடை தந்த காலம் அது.

1976இல் இன்டெல் கம்பனி தசம எண் கணக்குக்கென்று தனிச் சில்லு ஒன்றைச் செய்யத் திட்டமிட்டது. அங்கே வேலை செய்த ஜோன் பால்மர், காஹானை ஆலோசகராக அழைத்துவந்தார். அடுத்த வருடம் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான தரத்தை வகுக்கக் குழு கூடியது. காஹான், அவருடைய மாணவர் ஜெரோம் கூனன், ஹெரால்ட் ஸ்டோன் ஆகிய மூவரும் ஒரு வரைவைக் கொடுத்தார்கள். போட்டிக் கம்பனிகளோடு வருடக்கணக்காக வாதம் நடந்தது. 1980இல் இன்டெல்லின் 8087 சில்லு சந்தைக்கு வந்தது, 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்ற இலக்கத்தோடு தரம் நிறைவேறியது. காஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. இன்று கையில் இருக்கிற தொலைபேசியிலிருந்து வானிலையைக் கணிக்கும் பெருங்கணினி வரை இந்தத் தரத்தில்தான் ஓடுகின்றன.

அந்தத் தரத்துக்குள் பிறந்ததுதான் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன். 64 பிட்டில் ஒன்று குறிக்கு, 11 அடுக்குக்கு, மிச்சம் 52 பின்னப் பகுதிக்கு. அடுக்குக்குரிய 11 பிட்டும் 1ஆக இருந்து பின்னப் பகுதி முழுதும் பூச்சியமாக இருந்தால் அது முடிவிலி. பின்னப் பகுதியில் எங்காவது ஒரு 1 இருந்தாலும் நேன். கணக்கின் நடுவில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்தால் இயந்திரம் நிற்காது. அந்த இடத்தில் நேன் விழும். நேனோடு எதைக் கூட்டினாலும் நேன், பெருக்கினாலும் நேன். அப்படிக் கடைசி விடை வரைக்கும் அது வந்து நின்று, வழியில் ஏதோ பிழைத்துவிட்டது என்று சொல்லும். நேன் தனக்குத்தானே சமமும் அல்ல. ஒரு பெறுமதியை அதனோடேயே ஒப்பிட்டுச் சமமா என்று கேட்டு, ‘இல்லை’ என்று விடை வந்தால் அது நேன். வேறெந்த எண்ணுக்கும் இது நடக்காது. சோதிப்பதற்கு வேறு கருவி இல்லாத மொழிகளிலும் இந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள், அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அடுக்கு 11 பிட்டும் 1ஆகி, பின்னப் பகுதி பூச்சியமாகவும் இல்லாவிட்டால் அது எண் அல்ல என்பது தீர்ந்துவிடுகிறது. பின்னப் பகுதியின் 52 பிட்டில் ஒன்று அது எந்த வகை நேன் என்று சொல்லப் போய்விடும். மிச்சம் 51 பிட்டும் சும்மா இருக்கின்றன. அதாவது நேன் ஒன்றல்ல; ஒன்பதாயிரம் இலட்சம் கோடிக்கு மேற்பட்ட நேன்கள் உண்டு. பிழை எங்கே, எதனால் உண்டானது என்ற குறிப்பை அந்த இடத்தில் வைக்கலாம் என்பதுதான் எண்ணம். தாளின் அடிக்குறிப்புக்கு ஒப்பான ஓர் இடம், எண்ணின் வயிற்றுக்குள்ளேயே. ஆனால் அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை.

புள்ளிவிபரக்காரர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெறுமதி இல்லாமற்போவது பழகிய துன்பம். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் வயற் பாத்தி ஒன்றின் விளைச்சல் கெட்டுப்போனால் மற்றப் பாத்திகளை வைத்து அதை எப்படிக் கணிப்பது என்பதைப் பற்றி 1930களிலேயே எழுதியிருக்கிறார்கள். 1933இல் பிராங்க் யேட்ஸ் எழுதியது அவற்றில் முக்கியமானது. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் எஸ் என்ற மொழியை உண்டாக்கத் தொடங்கினார்கள். தரவில் ஆட்டம் இருக்கும், ஓட்டை இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கான மொழி அது. ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு என்.ஏ. என்ற தனிக்குறி அதில் இடம்பிடித்தது. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் ரொஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் எஸ்ஸைப் பின்பற்றி ஆர் மொழியைச் செய்தபோது அந்த என்.ஏ.க்கு நினைவகத்தில் ஓர் உருவம் தேவைப்பட்டது. அவர்கள் காஹானின் வெற்று இடத்தை எடுத்தார்கள். ஆர் மொழியின் தசம எண்களில் என்.ஏ. என்பது ஒரு நேன்தான். அதன் கீழ்ப்பாதியில் 1954 என்ற எண் எழுதியிருக்கும். இஹாக்கா பிறந்த வருடமும் 1954. கணக்குப் பிழைத்த நேன் வேறு, கிடைக்காத என்.ஏ. வேறு என்று பிரித்துக் காட்டுவதற்கு அந்தச் சிறு எண் போதுமாயிருந்தது. முழு எண்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே 32 பிட்டில் மிகச் சிறிய எண்ணான −2,147,483,648ஐப் பலிகொடுத்து அதை என்.ஏ. ஆக்கினார்கள்.

பைத்தன் மொழிக்காரர்களின் பாதை இதைவிடக் கரடுமுரடானது. ஜிம் ஹியூகுனின் 1995இல் செய்த நியூமெரிக் என்ற அணி நூலகத்தில் இல்லாத பெறுமதிக்கு இடம் இல்லை. லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் போல் டுபுவா அதன்மேல் மறைப்பு அணி ஒன்றைக் கட்டினார். எண்கள் ஓர் அணியில் இருக்கும். அதே அளவில் இரண்டாவது அணி ஒன்று மேலே கிடக்கும். விடைத்தாளின் மேல் வைக்கும் துளைபோட்ட மட்டை மாதிரி, எந்த இடத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று அது சொல்லும். டிராவிஸ் ஒலிஃபண்ட் 2006இல் நியூமெரிக்கின் வழிவந்த நம்பை நூலகத்தின் முதற் பதிப்பை வெளியிட்டபோது இந்த மறைப்பு அணியும் கூடவே வந்தது. ஆனால் அது ஒட்டுவேலையாகவே இருந்தது. நம்பையின் பல பகுதிகள் அதைக் கவனிக்காமல் கீழேயுள்ள எண்ணை நேரே எடுத்துவிடும்.

2011 கோடையில் மார்க் வீபி என்ற இளைஞர், என்தோட் கம்பனியின் ஆதரவோடு, நம்பையின் அடிவயிற்றிலேயே இல்லாமைக்கு இடம் செய்ய முனைந்தார். மறைப்பை ஒவ்வோர் அணியோடும் பிறவியிலேயே இணைத்துவிடுவது அவர் திட்டம். நதானியல் ஸ்மித்தும் மத்தியூ பிரெட்டும் அதை எதிர்த்து வேறொரு திட்டம் எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது பிட்டா மட்டையா என்ற பொறியியல் சண்டை போலத் தெரியும். அடியில் கிடந்தது பொருள் பற்றிய கேள்வி. ஒரு பெறுமதி இல்லை என்றால் என்ன கருத்து?

இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று: பெறுமதி உண்டு, எங்களுக்குத் தெரியாது. மற்றது: பெறுமதியை இப்போதைக்குப் பார்க்கவேண்டாம், தாண்டிப் போ. முதலாவதில், தெரியாத ஒன்றைத் தெரிந்ததோடு கூட்டினால் விடையும் தெரியாததுதான். இரண்டாவதில், மறைத்ததைத் தாண்டி மிச்சத்தைக் கூட்டி விடை சொல்லலாம். பிறகு மறைப்பை எடுத்தால் பழைய எண் அப்படியே இருக்கும். முதலாவதில் அப்படி எடுத்துப் பார்க்க உள்ளே ஒன்றும் இருக்காது. வீபியின் திட்டம் இரண்டையும் ஒரே பொறிக்குள் தர முயன்றது. ஒரே மட்டை இரண்டு வேலையும் செய்தால் பயன்படுத்துகிறவர் குழம்பிப்போவார் என்பது மற்றவர்களின் அச்சம்.

இந்த வாதத்தை நான் யாழ்ப்பாணத்து நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன், அதனால்தான் அது எனக்கு வெறும் கணினிக் கதையாகத் தோன்றவில்லை. 2001 ஜூலையில் குடாநாட்டில் மக்கள் இருந்தார்கள். சமைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஒரு குறிப்பிட்ட இரவில் இத்தனை பேர் என்ற எண் ஒன்று உண்மையாகவே இருந்தது. அதை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். அது முதலாவது வகை: உண்டு, தெரியாது. ஆனால் அந்தக் காலத்து நாட்டுக் கணக்குகள் பல அதை இரண்டாவது வகையாக நடத்தின. 1993இன் குடித்தொகை சுகாதார ஆய்வு வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு எடுக்கப்பட்டது. 2006/07இலும் வட மாகாணம் இல்லை. 2016இன் ஆய்வில்தான் 25 மாவட்டங்களும் வந்தன. குடும்ப வருமான செலவின ஆய்வு 2012/13இல்தான் நாடு முழுவதையும் தொட்டது. அறிக்கைகளில் விடுபட்ட மாகாணங்களின் பெயர் குறிப்பாக இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கட்டுரைக்கும் உலக அட்டவணைக்கும் கொண்டுபோனவர்கள் குறிப்பைக் கொண்டுபோகவில்லை. ‘இலங்கையின் சிசு மரண வீதம்’ என்று வாசித்தவருக்கு அதில் யாழ்ப்பாணம் இல்லை என்பது தெரிய வழியில்லை.

நம்பையில் நேன்மீன் என்று ஒரு செயற்பாடு இருக்கிறது, 2013இல் வந்தது. நேன்களைத் தாண்டி மிச்சத்துக்குச் சராசரி எடுத்துத் தரும். வசதியானது, நானும் எழுதுகிறேன். ஆனால் அதை எழுதுகிற ஒவ்வொரு முறையும் யாரைத் தாண்டுகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த 1993ஆம் ஆண்டு ஆய்வுதான். ‘மீன்’ என்ற சாதாரணச் சராசரிச் செயற்பாடு ஒரு நேன் இருந்தாலும் முழு விடையையும் நேன் ஆக்கிவிடும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அது நேர்மையான எரிச்சல்: ஒரு மாவட்டம் தெரியாவிட்டால் நாட்டின் சராசரியும் தெரியாது.

நம்பைச் சண்டை எப்படி முடிந்தது? வீபியின் பொறி சோதனைப் பதிப்பில் ஏறியது, 2013இல் 1.7 வெளிவருமுன் கழற்றி எடுக்கப்பட்டது. 2012இல் வீபியும் ஸ்மித்தும் சேர்ந்து, எதில் ஒத்துப்போகிறோம் எதில் ஒத்துப்போகவில்லை என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். எதிரெதிர்த் தரப்புகள் ஒரே தாளில் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தை இளம் நிரலாளர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

இதற்குள் பாண்டாஸ் என்ற பைத்தன் தரவு நூலகம் வளர்ந்துவிட்டது. வெஸ் மக்கின்னி 2008இல் ஏ.கியூ.ஆர். என்ற நிதி நிறுவனத்தில் வேலை செய்தபோது தொடங்கியது. சந்தைத் தரவில் விடுமுறை நாட்கள் உண்டு, வெற்று இடங்கள் உண்டு. அவரால் நம்பையின் தீர்ப்புக்குக் காத்திருக்க முடியாது. கையில் இருந்த நேனை எடுத்து ‘இல்லாதது’ என்று வைத்துக்கொண்டார். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்ததற்குப் பிறந்த குறி, இப்படி உலகம் முழுதும் காணாமற்போன தரவின் குறியாக மாறியது. மலிவான வழி, மேலதிக நினைவகம் ஒரு பிட்டும் வேண்டாம். விலை வேறிடத்தில் வந்தது. நேன் தசம எண்ணுக்குள் மட்டும்தான் இருக்கமுடியும். முழு எண்களாக இருக்கும் சனத்தொகை நிரலில் ஒரே ஒரு வருடம் வெறுமையானால் முழு நிரலும் தசமமாகிவிடும்: 830552.0 பேர்.

கூட்டலில் இன்னும் ஆழமான பள்ளம் இருக்கிறது. ஒரு நிரலில் சில இடங்கள் வெறுமையாக இருந்தால் பாண்டாஸ் அவற்றைத் தாண்டிக் கூட்டும். எல்லா இடமும் வெறுமையாக இருந்தால்? நீண்ட யோசனைக்குப் பிறகு 2017 கடைசியில் வந்த 0.22 பதிப்பில் விடை 0 என்று தீர்மானித்தார்கள். நேன்களைத் தாண்டிக் கூட்டும் நம்பையின் நேன்சம் செயற்பாடு 2014இலேயே அப்படி மாறியிருந்தது. கணித நியாயம் இருக்கிறது. எதையுமே கூட்டாத கூட்டுத்தொகை பூச்சியம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் தரவு இல்லாத ஓர் ஆண்டை மாவட்ட வாரியாகக் கூட்டிப் பாருங்கள். 0 பேர் என்று வரும். அதற்கு மாற்று வைத்திருக்கிறார்கள்: குறைந்தது ஒரு பெறுமதியாவது இருந்தால்தான் கூட்டு, இல்லாவிட்டால் நேனாகவே விடு என்று ஒரு சிறு கட்டளை, மின்_கவுண்ட். வடக்கின் தரவோடு வேலை செய்கிற மாணவர்கள் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

வெற்றிடத்தை நிரப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டாஸ் ஒரு வரியில் இரு முனைகளுக்கிடையே நேர்கோடு இழுத்துத் தரும். இழுத்தே பார்ப்போம். 2012இல் கிளிநொச்சி 1 இலட்சத்து 13 ஆயிரம் அளவில். யாழ்ப்பாணத்தோடு சேர்த்தால் பழைய மாவட்டப் பரப்பில் கிட்டத்தட்ட 6 இலட்சத்து 97 ஆயிரம். 1981இன் தொகையிலிருந்து அங்கே கோடு போட்டால் 1995க்கு 7 இலட்சத்து 70 ஆயிரம் என்று வரும். அழகான, மெல்லச் சரியும் கோடு. அந்தக் கோட்டில் 1990 ஜூனில் பலாலி, காங்கேசன்துறைப் பக்கத்து வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு ஓடியது இல்லை. அதே வருடம் ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியது இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமம் முழுதும் செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது இல்லை. அடுத்த வருடம் பலர் திரும்பி வந்ததும், பலர் வன்னிக்குப் போனதும், இன்னும் பலர் கடல் கடந்ததும் இல்லை.

இதைக் கணித மொழியில் முதலில் தெளிவாகச் சொன்னவர் டொனால்ட் ரூபின். 1976இல் பயோமெட்ரிக்கா சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், பெறுமதி எதனால் இல்லாமற்போனது என்பதையும் கணக்கின் பகுதியாகக் கொள்ளவேண்டும் என்றார். அவரைத் தொடர்ந்து மூன்று வகை பேசப்படுகிறது. மை சிந்தி ஒரு படிவம் அழிந்தால் அது தற்செயல். மிச்சத்தை வைத்து நம்பிக் கணிக்கலாம். கடற்கரை ஊர்களின் படிவங்கள் அதிகம் தொலைந்தன என்றால், எந்த ஊர் என்பது தெரிந்திருக்கும்வரை ஈடுகட்டலாம். மூன்றாவது வகையில், எதை அளக்க நினைத்தோமோ அதுவே இல்லாமைக்குக் காரணம். குடாநாட்டின் வெற்றுக் கட்டம் இந்த மூன்றாவது வகை. சனங்கள் போனதையும் எண்ண முடியாமற்போனதையும் உண்டாக்கியது ஒரே போர். காரணத்தை விட்டுவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பச் சூத்திரம் கிடையாது.

அண்மைக் கதை விரைவாக நகர்கிறது. 2019 தொடக்கத்தில் பாண்டாஸ், வெறுமையைத் தாங்கும் முழு எண் வகையைக் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் நேனிலிருந்து வேறான என்.ஏ. வந்தது. மக்கின்னி சேர்ந்து தொடங்கிய அப்பாச்சி ஆரோ என்ற தரவு வடிவம், பெறுமதி ஒன்றுக்கு ஒரு பிட் வீதம் ‘உண்டு, இல்லை’ என்று தனிப் பட்டியல் வைக்கிறது. 2011இன் மட்டைதான், எட்டிலொரு பங்கு எடையில். நம்பை 2.0, 2024 ஜூனில் வந்தது. அதில் எழுத்துச் சரங்களுக்கான புதிய வகையில் இல்லாமைக்கு இடம் உண்டு. முழு எண்களுக்கு இன்னும் இல்லை.

எல்லாம் ‘இல்லை’ என்று சொல்லக் கற்றுவிட்டன. ஏன் இல்லை என்று சொல்வதில் பழைய புள்ளிவிபர மென்பொருள்களே முன்னுக்கு நிற்கின்றன. சாஸ் 28 வகை இல்லாமையை வைத்திருக்கிறது. ஸ்டேட்டா 2003இலிருந்து 27. எழுத்து ஒன்றைக் கொடுத்து, இது மறுத்தவர், இது வீட்டில் இல்லாதவர், இது கேள்வி பொருந்தாதவர் என்று பிரிக்கலாம். அப்படிப்பட்ட கோப்புகளை ஆர் மொழிக்குள் கொண்டுவர ஹட்லி விக்கம் ஹேவன் என்ற தொகுப்பைச் செய்தபோது அந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. 1985இல் சும்மா விட்ட அந்த பிட்களிலேயே வைத்தார்கள். நேனின் வயிற்றுக்குள் ஓர் எழுத்து.

அது முழுத் தீர்வல்ல. ஓர் எழுத்துக்குமேல் கொள்ளாது. தசம எண்ணில் மட்டுமே வேலை செய்யும். இரண்டு நேன்களைக் கூட்டினால் எதன் குறிப்பு மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கணினிக்குக் கணினி மாறலாம் என்று ஆர் மொழியின் கையேடே எச்சரிக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்து நிரலை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்: எண்ணிய தொகை ஒரு நிரல், அதில் 1991, 2001 இரண்டும் வெறுமை. மதிப்பீடு தனி நிரல், 2001இன் 4 இலட்சத்து 90 ஆயிரம் அங்கே மட்டும். மூன்றாவது நிரலில் காரணம், தமிழில், முழு வாக்கியமாக. 1991க்கு ‘நாடு முழுதும் நடத்தப்படவில்லை’. 2001க்கு ‘போர்; இந்த மாவட்டத்தில் முடிக்கப்படவில்லை’. கோப்பைக் கேட்கிறவர்களுக்கு மூன்று நிரல்களையும் சேர்த்தே அனுப்புகிறேன்.